வேலியில் எத்தனை பங்கசு, வயலில் எத்தனை பங்கசு?

தாவரங்களில் நோய் உண்டாக்கும் பங்கசு இனங்கள் பத்தாயிரத்தைத் தொடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மனிதருக்கு நோய் தருபவை சில நூறுதான். இவ்வளவு பெரிய கூட்டம் நம் திருகோணமலைப் பக்கத்தில் ஒரே பெயரில் புழங்குகிறது. தம்பலகாமத்தில் வெள்ளாமை இலையில் புள்ளி விழுந்தாலும், கும்புறுப்பிட்டியில் வெங்காயத் தாள் முறுகினாலும், மூதூரில் கச்சான் செடி அடியோடு வாடினாலும் கடைக்குப் போய்க் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, பங்கசுக்கு அடிக்கிற மருந்து ஒன்று தாங்க." கடைக்காரரும் ஒரு போத்தலை எடுத்துக் கொடுப்பார். சில நேரம் அது கேட்கும். பல நேரம் காசும் போய்ப் பயிரும் போகும்.

ஏனென்றால் இனம் மாறினால் எல்லாமே மாறுகிறது. எந்தச் செடியைத் தாக்கும், எந்த மாதத்தில் கிளம்பும், காற்றில் வருமா மண்ணில் இருக்குமா விதையோடு வருமா, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற எல்லாவற்றுக்கும் பதில் அந்த இனத்திடம்தான் இருக்கிறது. நோய்ப் பங்கசுகளின் இனப் பல்வகைமை என்ற பேச்சு பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டிய பேச்சு என்று நான் நினைக்கவில்லை. வயல் வரம்பில் நிற்பவருக்கும் வளவில் நாலு மிளகாய்க் கன்று வைத்திருப்பவருக்கும் அது தேவை.

முதலில் பங்கசு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அது செடியும் இல்லை, விலங்கும் இல்லை, தனி இராச்சியம். பச்சையம் கிடையாது, ஆகவே தன் உணவைத் தானே ஆக்க முடியாது. மெல்லிய இழைகளாக வளர்ந்து, நொதியங்களை வெளியே விட்டு, எதன்மேல் வளர்கிறதோ அதை அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பரவுவதற்கு வித்திகள். உலகத்தில் இதுவரை பெயர் வைத்து விவரிக்கப்பட்ட பங்கசு இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். உண்மையில் இருப்பவை 22 இலட்சத்திலிருந்து 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இவற்றில் பெரும்பகுதி செத்த இலையையும் மரக்கட்டையையும் உக்க வைப்பவை, அல்லது வேரோடு கூட்டுச் சேர்ந்து செடிக்கு மண்ணிலிருந்து பொசுபரசு எடுத்துக் கொடுப்பவை. உயிருள்ள செடியைத் தாக்கப் பழகியவை ஒரு சிறு பகுதிதான், அந்தச் சிறு பகுதிதான் நம் கதை.

அதற்குள்ளும் பிழைப்பு மூன்று விதம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

ஒரு கூட்டம் உயிருள்ள கலத்திலிருந்து மட்டுமே சாப்பிடும். துருப் பங்கசுகள், இலைமேல் வெள்ளை மாப் போலத் தெரியும் தூள் பூஞ்சணங்கள் எல்லாம் இந்த வகை. செடி செத்தால் இவையும் செத்தன. அதனால் செடியை உடனே கொல்லாமல், அதன் காவலை எழுப்பாமல், உள்ளே நுழைந்து உறிஞ்சுவதில் தேர்ந்தவை. அந்தத் தேர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஒரு குறிப்பிட்ட செடியின் காவலை ஏமாற்றப் பழகியது இன்னொரு செடியிடம் போனால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஆகவே இவற்றில் பெரும்பாலான இனங்கள் ஒரு சில செடி இனங்களோடு நின்றுவிடுகின்றன. அதன் விளைவு என்ன தெரியுமா? செடி வகைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இவற்றின் வகைகளும் பெருகுகின்றன. துருப் பங்கசுகள் மட்டுமே சுமார் 8,000 இனம், தூள் பூஞ்சணம் கிட்டத்தட்ட 900.

இரண்டாவது கூட்டத்துக்கு அந்த நளினம் எல்லாம் கிடையாது. முதலில் நஞ்சாலும் நொதியத்தாலும் திசுவைக் கொல்லும், அப்புறம் சாப்பிடும். கச்சான் செடியின் அடித்தண்டில் வெள்ளை நூல் பரப்பி, கடுகளவு உருண்டைகளை விட்டுவிட்டுப் போகும் ஸ்கிளரோசியம் ரோல்ஃப்சி இந்த வகை. எள்ளு, பயறு, சோளம் என்று எதையும் விடாமல் வெயில் காலத்தில் வேரைக் கரியாக்கும் மக்ரோஃபோமினா ஃபசியோலினாவும் இந்த வகைதான். இந்த இரண்டுமே தலைக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட செடி இனங்களில் பதிவாகியிருக்கின்றன. இப்படிப்பட்ட இனங்கள் கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றும் ஏராளமான செடிகளுக்கு எதிரி.

மூன்றாவது கூட்டம் இரண்டுங் கலந்தது. முதல் சில நாள் உயிருள்ள கலத்துக்குள் சத்தமில்லாமல் இருக்கும், பிறகு கொல்லத் தொடங்கும். நெல்லின் எரிபந்த நோய்ப் பங்கசு அப்படி. மாம்பழத்தில் கறுப்புப் புள்ளி போடும் கொலட்டோட்ரைக்கமும் அப்படி. மாங்காய் பச்சையாக இருக்கும்போதே அது தோலுக்குள் போய் உட்கார்ந்துவிடும், வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. பறித்து வைத்துப் பழுத்த பிறகுதான் புள்ளி கிளம்பும். வாங்கிய கடையில் பழம் அழகாக இருந்து வீட்டில் மூன்றாம் நாள் கறுப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, பல்வகைமைக்கு வருவோம். இனப் பல்வகைமை என்றவுடன் பலரும் எண்ணிக்கையை மட்டும் நினைக்கிறார்கள். எத்தனை இனம் இருக்கிறது என்பது பாதிதான். அந்த இனங்கள் எந்த அளவில் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்பது மற்றப் பாதி. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் ஒரு நெல் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தேடினால் எரிபந்தம், கபிலப் புள்ளி, இலைமடலில் வரும் ரைசொக்டோனியா, கதிர் மடலை அழுக வைக்கும் ஒன்று, நெல்மணியை மஞ்சள் பச்சை உருண்டையாக்கும் ஒன்று என்று அஞ்சாறு இனம் கிடைக்கலாம். ஆனால் நோய் வந்த ஒரு போகத்தில், நூறு புள்ளியைப் பிடித்துப் பார்த்தால் தொண்ணூறு ஒரே இனத்துடையதாக இருக்கக்கூடும். அதே வயலின் வரம்பில், வாய்க்கால் ஓரத்தில், பக்கத்து வேலியில் நிற்கும் அறுகு, கோரை, அம்மான் பச்சரிசி, நாயுருவி, ஆடாதோடை, புங்கை, கிளிசரியா என்று இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பங்கசு இருக்கும், எதுவுமே மிகுந்து நிற்காது. அறுகின் பூங்கதிர் கறுத்துத் தூளாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது அறுகுக்கே உரிய ஒரு கரிப்பூட்டைப் பங்கசு, உஸ்டிலாகோ சைனொடொண்டிஸ். நெல்லுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அம்மான் பச்சரிசியின் இலையில் படியும் வெள்ளைத் தூள் இன்னொரு இனம். ஆக, வயலில் கொஞ்ச இனம் ஏராளமாக, வேலியில் ஏராளமான இனம் கொஞ்சமாக.

இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி.

திருகோணமலையைச் சுற்றியுள்ள வறண்ட காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று மரங்கள் கலந்து நிற்கும். ஒரு பாலை மரத்துக்கும் அடுத்த பாலை மரத்துக்கும் நடுவில் வேறு வேறு மரங்கள் எத்தனையோ. பாலையைத் தாக்கும் ஒரு பங்கசின் வித்தி காற்றில் கிளம்பினால் அது விழும் இலைகளில் பெரும்பாலானவை அதற்குப் பயன்படாத இலைகள். தப்பித் தவறி இன்னொரு பாலையில் விழுந்தாலும் அந்த மரம் விதையிலிருந்து தானாக முளைத்தது, முதல் மரத்தின் நகல் இல்லை, அதன் எதிர்ப்பு மரபணுக்கள் வேறாக இருக்கலாம். இப்படி இரண்டு தடை. பங்கசு அழிந்தும் போகாது, பெருகியும் போகாது. புள்ளி இருக்கும், கொள்ளைநோய் இருக்காது.

இதில் இன்னும் ஒரு படி இருக்கிறது. 1970இல் டானியல் ஜான்சனும் 1971இல் ஜோசப் கொனலும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்தார்கள். தாய் மரத்தின் அடியில் விழும் விதைகளும் நாற்றுகளும், தூரத்தில் போய் விழுந்தவற்றைவிட அதிகமாகச் சாகும், ஏனென்றால் அந்த மரத்துக்கே உரிய எதிரிகள் எல்லாம் அந்த அடியில்தான் குவிந்திருக்கின்றன என்றார்கள். அவர்கள் முக்கியமாகப் பூச்சிகளையும் விதை தின்னிகளையும் நினைத்துச் சொன்னது, பின்னால் வந்தவர்கள் பங்கசுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காட்டில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நிலத்துக்குப் பங்கசு நாசினி தெளித்த இடங்களில் முளைத்த நாற்றுகளின் பல்வகைமை குறைந்துபோனது. யோசித்துப் பாருங்கள், நோயைத் தடுத்தார்கள், காட்டின் வகை குறைந்தது. தாய் மரத்தின் அடியை நோய் காலியாக வைத்திருப்பதால்தான் அங்கே வேறொரு மரத்தின் கன்று எழும்ப இடம் கிடைக்கிறது. பாலைப்பழம் தின்னும் பறவையும் குரங்கும் கரடியும் கொட்டையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதன் அருமையும் இதோடு சேர்ந்தே விளங்கும். காட்டுக்கு நோய்ப் பங்கசு ஒரு கேடு மட்டும்தான் என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது இதைத் தலைகீழாக்குங்கள். ஒரே இனச் செடி, ஒரே வர்க்கம், ஒரே நாளில் விதைத்து, ஒரே வயதில், இடைவெளியே இல்லாமல் ஏக்கர் கணக்கில். அதுதான் பயிர்ச்செய்கை. காட்டில் இருந்த இரண்டு தடையும் இங்கே இல்லை. ஒரு வித்திக்குப் பிடித்த இலை கிடைத்துவிட்டால் பக்கத்து இலை எல்லாமே அதற்குப் பிடித்த இலைதான்.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் உதாரணம் நம் நாட்டிலேயே நடந்தது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது, அதே ஆண்டில் அதற்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மலைநாடு முழுக்கக் காட்டை வெட்டிக் கோப்பியை மட்டும் நட்டிருந்த காலம். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளரை இதற்காகவே இலங்கைக்கு அனுப்பினார்கள். நோய்க்குக் காரணம் மண்ணும் இல்லை, மரத்தின் பலவீனமும் இல்லை, காற்றில் பரவி இலைவாய் வழியாக உள்ளே நுழையும் ஒரு பங்கசு என்று அவர் காட்டினார், ஒரே பயிரைத் தொடர்ச்சியாகப் பரப்பியதே அதற்கு வழி திறந்துவிட்டது என்பதையும் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் விழுந்து அந்த இடத்தில் தேயிலை ஏறியது. இன்று மலையகத்தில் தேயிலை நிற்பதற்கு ஒரு துருப் பங்கசு பெரிய காரணம். தேயிலைக்கும் அதற்கே உரிய பங்கசு பின்னால் வந்து சேர்ந்தது, இலையில் கொப்புளம் போடும் எக்ஸோபசிடியம் வெக்சான்ஸ், அசாமில் 1868இலேயே தெரிந்திருந்த அது இங்கே 1946இல் வந்தது.

காட்டுச் செடிகளுக்குக் கொள்ளைநோயே வராது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். தன்னோடு கூடவே வளர்ந்த பங்கசோடு காட்டு மரம் ஒரு சமநிலைக்கு வந்திருக்கும். முன்பின் பார்த்திராத பங்கசு வெளியிலிருந்து வந்தால் அந்தச் சமநிலை கிடையாது. 1904இல் நியூயோர்க்கில் முதலில் கண்ட கிரைஃபோனெக்ட்ரியா பரசிட்டிக்கா ஆசியாவிலிருந்து போனது, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவின் செஸ்நட் மரங்களை நூறு கோடிக் கணக்கில் அழித்துவிட்டது. விமான நிலையத்தில் செடி, விதை கொண்டுவரக் கூடாது என்று தடுப்பதை வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கேள்வி. வரம்பில் நிற்கும் புல்லில் உள்ள நோய் வெள்ளாமைக்கு வருமா? வருமென்று நம்பி வரம்பையும் வாய்க்கால் கரையையும் களைகொல்லி அடித்து மொட்டையாக்குபவர்களை நிறையப் பார்க்கிறேன், மனது வருந்துகிறது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது, இனத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எரிபந்தத்தையே பார்ப்போம். நெல்லிலையில் நடுவில் சாம்பல், ஓரம் கபிலம், இரண்டு முனையும் கூர்மையான கண் வடிவப் புள்ளி. அதே மாதிரிப் புள்ளி குரக்கனிலும் வரும், வரம்புப் புற்கள் பலவற்றிலும் வரும். நீண்ட காலம் எல்லாம் ஒன்று என்றுதான் எண்ணினார்கள். 2002இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது டிஜிடாரியா புற்களில் இருப்பது பிரிக்குலாரியா கிரீசியா, நெல்லில் இருப்பது பிரிக்குலாரியா ஒரைசி, இரண்டும் வெவ்வேறு இனம் என்று தெளிவாயிற்று. ஒரைசி என்ற ஒரே இனத்துக்குள்ளும் பரம்பரைகள் பிரிந்திருக்கின்றன. நெல்லில் வாழ்வது ஒன்று, தினையிலும் அதன் காட்டு உறவுகளிலும் வாழ்வது ஒன்று, குரக்கனிலும் அதன் காட்டு உறவான புல்லிலும் வாழ்வது ஒன்று. குரக்கனில் உள்ளது பெரும்பாலும் நெல்லுக்கு வராது. ஆகவே வரம்பில் புள்ளி விழுந்த புல்லைக் கண்டவுடன் அதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அநேகமாக உங்கள் வயலுக்கு எரிபந்தம் வந்தது நோய் பிடித்த விதைநெல்லிலிருந்தோ, போன போகத்து வைக்கோலிலிருந்தோ, பக்கத்து வயலிலிருந்தோதான்.

ஆனால் தாவல் நடக்காமலும் இல்லை. நெல்லைத் தாக்கும் பரம்பரையே ஆதியில் தினையின் பக்கத்திலிருந்து, மனிதன் நெல்லைப் பயிராக்கிய காலத்தில் தாவி வந்ததென்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் காலத்திலேயே இன்னொன்று நடந்தது. கோதுமைக்கு எரிபந்தமே கிடையாது என்றிருந்த உலகத்தில் 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் அது கோதுமைக்கு வந்தது, அங்கிருந்து 2016இல் வங்காளதேசம் வரை போய்ச் சேர்ந்தது. கொய்யாத் துரு என்று ஒன்று இருக்கிறது, தென் அமெரிக்காவின் கொய்யாவிலிருந்து 1884இல் விவரிக்கப்பட்டது. அந்தப் பக்கம் யூகலிப்டஸ் தோட்டங்கள் போட்டார்கள், அதே குடும்பத்து மரம், பங்கசு அதற்குத் தாவியது. 2005இல் ஹவாய், 2010இல் அவுஸ்திரேலியா. இன்று அந்தக் குடும்பத்தில் நானூறுக்கு மேற்பட்ட இனங்களை அது பிடிக்கும் என்று தெரிகிறது, அவுஸ்திரேலியக் காட்டு மரங்கள் சில அழியும் நிலைக்குப் போய்விட்டன. நம் நாவலும் சம்புவும் அந்தக் குடும்பம்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்நூறு செடியைத் தின்னும் இரண்டாவது கூட்டத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. ஸ்கிளரோசியத்துக்குக் களையும் ஒன்றுதான், கச்சானும் ஒன்றுதான். மணல் தரையில் கச்சான் போடுகிறவர்கள் அடித்தண்டு நோய் கண்டால் களையை அகற்றுவதிலும், உக்காத குப்பையைச் செடி அடியில் சேரவிடாமல் பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது.

இனி, எண்ணுவது எப்படி என்ற சிக்கல். இத்தனை இனம், அத்தனை இனம் என்று மேலே சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யார் தீர்மானிப்பது? பங்கசில் இது மிகக் கடினம், இரண்டு பக்கமும் தவறு நடந்திருக்கிறது.

சேர்கொஸ்போரா என்று ஒரு சாதி, அதாவது நெருங்கிய இனங்களின் ஒரு கூட்டம், இலைப்புள்ளி போடுவது. கச்சான், கத்தரி, வெண்டி, பீற்றூட் என்று எங்கும் இதையும் இதன் நெருங்கிய உறவுகளையும் காணலாம். ஒரு காலத்தில், புதிய செடியில் கண்டால் புதிய இனம் என்று பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர் சேர்ந்துவிட்டது. 2003இல் பெட்ரோ குரூஸ், ஊவே பிரவுன் இருவரும் எல்லாவற்றையும் மீண்டும் ஆராய்ந்து அந்தச் சாதிக்குள் 659 இனத்தை மட்டும் ஏற்றார்கள். மீதிப் பல வேறு சாதிகளுக்குப் போயின. ஒன்றோடொன்று பிரித்தறிய முடியாத பெயர்கள் முன்னூறுக்குக் கிட்ட ஒரே பெயரின் கீழ் வந்தன.

கொலட்டோட்ரைக்கத்தில் நடந்தது நேர் எதிர். மா, பப்பாசி, மிளகாய், வெங்காயம், கொய்யா என்று எதில் கறுப்புப் புள்ளி கண்டாலும் கொலட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியொயிடிஸ் என்று எழுதிவிடுவார்கள். நுணுக்குக்காட்டியில் வித்திகள் ஒரே மாதிரித்தான் இருந்தன. 2012இல் பல மரபணுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரே பெயருக்குள் 22 இனங்கள் ஒளிந்திருந்தன. பழைய அறிக்கைகளில் அந்தப் பெயரைக் கண்டால் அது உண்மையில் எந்த இனம் என்று இன்று சொல்ல முடியாது.

இது பெயர் வைப்பவர்களின் சண்டை மட்டும்தானே என்று விட்டுவிடாதீர்கள். நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கம் சின்ன வெங்காயம் செய்கிறவர்களுக்கு இலை முறுகல் நோய் நன்றாகத் தெரியும். தாள் சுருண்டு முறுகி, கழுத்து நீண்டு, தாளில் குழிந்த வெளிறிய புள்ளி விழும். அதைச் செய்வது கொலட்டோட்ரைக்கம்தான். அதே தோட்டத்து வேலியில் மாமரம் நின்றால், அதிலுள்ள கொலட்டோட்ரைக்கம் வெங்காயத்துக்கு வருமா என்ற கேள்வி எவ்வளவு முக்கியம்! பெயர் ஒன்றாக இருக்கும்வரை எல்லோரும் "வரும்" என்றுதான் சொல்லுவார்கள். இனத்தைப் பிரித்தறிந்த பிறகுதான் சரியான பதில் கிடைக்கும், மாமரத்தைத் தறிக்க வேண்டுமா இல்லையா என்பதும் அப்போதுதான் தெரியும்.

மருந்திலும் இதே கதை. எரிபந்தப் பங்கசு நெல்லிலையைத் துளைப்பது கூர்மையால் இல்லை, அழுத்தத்தால். வித்தி முளைத்து நுனியில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டாக்கும், அதன் சுவரில் மெலனின் படிந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறி ஏறி வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை போகும், அந்த வேகத்தில் இலையின் தோலைக் குத்தித் திறக்கும். ட்ரைசைக்ளசோல் என்ற மருந்து செய்வதெல்லாம் அந்த மெலனினை ஆக்கவிடாமல் தடுப்பதுதான். மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது, பங்கசு வெளியே கிடந்து காயும். ரைசொக்டோனியா இந்த வழியில் உள்ளே போவதில்லை. ஆகவே இலைமடல் நோய்க்கு அதே ட்ரைசைக்ளசோலை அடித்தால் தண்ணீர் அடித்ததற்குச் சமம். வயல் ஒன்று, பயிர் ஒன்று, இரண்டுமே பங்கசு, ஆனால் ஒன்றுக்குக் கேட்பது மற்றதற்குக் கேட்காது.

பங்கசு மாதிரியே தோன்றி பங்கசு அல்லாதவையும் உண்டு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த ஃபைட்டொப்தோரா, நாற்றுமேடையில் கன்றுகளை அடியோடு சாய்க்கும் பித்தியம் ஆகியவை இழையாக வளர்ந்தாலும் கபில அல்காக்களுக்குத்தான் நெருங்கிய உறவு. காபன்டசிம் போன்ற மருந்து இவற்றிடம் வேலை செய்யாது. எள்ளுப் பூ எல்லாம் பச்சை இலைக் கொத்தாக மாறிப்போவது பைட்டொபிளாஸ்மா என்ற பற்றீரியா வகை, தத்துப்பூச்சி கொண்டுவருவது. மிளகாய் இலை சுருளுவது வைரசாலோ சிற்றுண்ணியாலோ பனிப்பூச்சியாலோ. மா, தென்னை ஓலையில் கரி பூசியது போலப் படிவது உண்மையில் பங்கசுதான், ஆனால் அது செடியைத் தின்பதில்லை. வெண்ணீயோ செதில்பூச்சியோ கழிக்கும் இனிப்பு நீரில் வளர்கிறது, பூச்சியைக் கட்டுப்படுத்தினால் அது தானாகப் போய்விடும்.

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் நமக்கு நல்ல காலம் வாடைக்காற்று வீசும் மாதங்கள். கார்த்திகை மழை தொடங்கி மார்கழி, தை வரை இலை காயாமல் இருக்கும், இரவில் பனி, பகலில் மூடம். பெரும்போக வெள்ளாமையில் எரிபந்தம் கிளம்புவதும் இந்த நாட்களில்தான், யூரியாவை அளவுக்கு மேல் போட்ட வயலில் முதலில் கிளம்பும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் வெயிலும் அடிக்கும் சிறுபோகத்தில் இலைநோய்கள் ஒதுங்கி, மக்ரோஃபோமினா போன்ற வேர்நோய்கள் முன்னுக்கு வரும். தூள் பூஞ்சணம் மட்டும் விதிவிலக்கு, அதன் வித்தி முளைக்க இலை ஈரமாக இருக்க வேண்டியதில்லை, மழை இல்லாத நாளிலும் பூசணியில் வெள்ளை படியும்.

ஒரு கைவில்லை போதும், இல்லாவிட்டால் போனின் கமரா போதும். இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் திருப்பிப் பாருங்கள். விரலால் தேய்த்தால் செம்மஞ்சள் தூள் ஒட்டினால் துரு. வளையத்துக்குள் வளையமாகப் புள்ளி இருந்தால் ஓல்டர்நேரியா வகையாக இருக்க வாய்ப்பு, வெங்காயத் தாளில் ஊதா நிறத்தோடு வருவதும் அதுதான். பூசணியில் வெள்ளைத் தூள் இலையின் மேலே படரும், அது பொடோஸ்பீரா. மிளகாயில் அதே வெள்ளை பெரும்பாலும் இலையின் அடியில் தெரியும், மேலே மஞ்சள் திட்டு மட்டும் இருக்கும், அது லெவெய்லுலா டோரிக்கா, இலைக்குள்ளே வளர்ந்து வெளியே வருவது. மேலோட்டமாக மருந்து தூவினால் போதாது என்பது அதனால்தான். வேலியில் நிற்கும் ஒரு செடியையும் பயிரையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே மாதிரிப் புள்ளியா, வேறா என்று கண்ணே பழகிவிடும்.

கண்ணால் இனம் வரை போக முடியாது, சாதி வரை போனாலே பெரிய விஷயம். சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் கேட்கலாம். மாதிரி கொண்டுபோகும்போது முழுக்கச் செத்த இலை வேண்டாம், அதில் உக்க வைக்கும் பங்கசுகள் ஏறி உண்மையானதை மறைத்துவிடும். நோய் தொடங்கும் நிலையிலும் நடு நிலையிலும் உள்ள இலைகள், புள்ளியும் பச்சையும் சந்திக்கும் ஓரம் தெரியும்படி, நாலைந்து எடுங்கள். வேர்நோய் என்றால் மண்ணோடு முழுச் செடி. இலைகளைப் பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள், வேர்த்து ஒரே இரவில் அழுகிவிடும், பழைய பத்திரிகைத் தாளுக்குள் விரித்து வைத்து மடியுங்கள். தாளின் மேலே செடியின் பெயர், ஊர், திகதி, கடைசியாக அடித்த மருந்து, பக்கத்தில் நிற்கும் செடிகள் எவை என்பதையும் எழுதுங்கள். கடைசியில் சொன்னதைப் பலரும் எழுதுவதில்லை, மேலே சொன்னது போன்ற தாவல்களுக்குத் தடயம் அப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்தும் கிடைக்கலாம்.